வால்வுத் தொகுதி மாற்று உதிரிப்பாகங்கள்

வால்வுத் தொகுதி மாற்று உதிரிப்பாகங்கள் என்பவை, உள் எரி பொறி ஒன்றின் வால்வுகளையும் அவற்றைத் திறந்து மூடும் உறுப்புகளையும் புதுப்பிக்கும்போது, வாகனத்தைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரில் அல்லாமல் வேறு தயாரிப்பாளர்களின் பெயரில் வாங்கிப் பொருத்தப்படும் உறுப்புகள் ஆகும். இவை பெரும்பாலும் நிறுவன உதிரிப்பாகங்களை விட விலை குறைந்தவை. தமிழ்நாட்டுப் பட்டறை வழக்கில் நிறுவன உறுப்பு "கம்பெனி ஸ்பேர்" என்றும், பிறர் செய்த உறுப்பு "லோக்கல் ஸ்பேர்" என்றும் அழைக்கப்படுகின்றன. "டூப்ளிகேட்" என்ற சொல் இவ்வழக்கில் இரு வேறு பொருள்களில் ஆளப்படுகிறது. தன் சொந்தப் பெயரில் ஒருவர் செய்து விற்கும் மாற்று உறுப்பையும், பிறர் பெயரைத் திருடி விற்கப்படும் போலி உறுப்பையும் அது குறிக்கும். முன்னது சட்டப்படியான வணிகம். பின்னது குற்றம். இக்கட்டுரையில் மாற்று உறுப்பு என்பது முதல் வகையை மட்டும் குறிக்கும்.

பொறியின் பிற பகுதிகளில் தரம் குறைந்த உறுப்பு ஒன்று பழுதானால் அவ்வுறுப்போடு இழப்பு நின்றுவிடலாம். வால்வுத் தொகுதியில் அவ்வாறு அன்று. சில கிராம் எடையுள்ள ஒரு பூட்டுத் துண்டு விட்டுப்போனால் வால்வு உருளைக்குள் விழுந்து, பிஸ்டன், உருளை, உருளைத்தலை ஆகிய அனைத்தையும் உடைத்துவிடக்கூடும். ஆகவே எந்த உறுப்பில் சிக்கனம் பார்க்கலாம், எதில் பார்க்கக் கூடாது என்பது இத்துறையின் அடிப்படைக் கேள்வியாக உள்ளது.

தொகுதியின் உறுப்புகள்

நான்கு வீச்சுப் பொறியில் எரிபொருள் கலவையை உள்ளே விடுவதற்கு உள்ளீட்டு வால்வும், எரிந்த வளிமத்தை வெளியேற்றுவதற்கு வெளியேற்ற வால்வும் உள்ளன. தமிழ்க் கலைச்சொல்லாக வால்வு "ஓரதர்" எனப்படுகிறது. பழைய தள்ளுதண்டு வகைப் பொறியில் இயக்கம் பின்வரும் வரிசையில் கடத்தப்படுகிறது.

* கேம்: வணரித்தண்டின் பாதி வேகத்தில் சுழலும் முட்டை வடிவ உறுப்பு. வால்வு எப்போது, எவ்வளவு, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதை இதன் வடிவமே தீர்மானிக்கிறது.
* டேப்பெட்: கேமின் மீது அமர்ந்து அதன் ஏற்ற இறக்கத்தை நேர்க்கோட்டு இயக்கமாக மாற்றும் உறுப்பு.
* புஷ்ராடு: டேப்பெட்டின் அசைவை உருளைத்தலைக்கு எடுத்துச் செல்லும் தண்டு.
* ராக்கர்: நெம்புகோல் போல் செயற்பட்டு, மேல்நோக்கிய அசைவைக் கீழ்நோக்கித் திருப்பி வால்வை அழுத்தும் கை.
* வால்வு, கைடு, சீட்டு: வால்வின் தண்டு கைடு எனப்படும் குழலுக்குள் நகர்கிறது. அதன் தலை சீட்டு எனப்படும் வளையத்தின் மீது அமர்ந்து அறையை அடைக்கிறது.
* சுருள்வில், தாங்குதட்டு, காலட்டு: வில் வால்வை மூடுகிறது. தாங்குதட்டு வில்லைப் பிடித்திருக்கிறது. காலட்டு என்பது இரு பாதிகளாக உள்ள சிறு பூட்டு. இது வால்வுத் தண்டின் காடியில் அமர்ந்து தாங்குதட்டைப் பூட்டுகிறது.

மேல்நிலைக் கேம் வகைப் பொறிகளில் கேம்தண்டு உருளைத்தலையிலேயே இருப்பதால் புஷ்ராடு இல்லை. அதற்குப் பதிலாகச் சங்கிலியோ பட்டையோ கேம்தண்டைச் சுழற்றுகிறது.

பணிச்சூழல்

வார்ப்பிரும்பு உருளை கொண்ட பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 பொறியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இதன் உருளை விட்டம் 70 மி.மீ., வீச்சு 90 மி.மீ., கொள்ளளவு 346 கன செ.மீ. ஆகும். இது நிமிடத்திற்கு 5,625 சுற்றுகளில் தன் உச்சத் திறனைத் தரும். அவ்வேகத்தில் கேம் நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,812 முறை சுழல்கிறது. அதாவது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு ஏறத்தாழ 47 முறை திறந்து மூட வேண்டும்.

இவ்வாறு ஓடும்போது வெளியேற்ற வால்வின் தலை 700 °செ. அளவையும் தாண்டிச் சூடாகிறது. அவ்வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, வால்வு மூடியிருக்கும் சிறு நேரத்தில் சீட்டின் வழியாகவே உருளைத்தலைக்குச் செல்கிறது. எஞ்சியது கைடு வழியே செல்கிறது. ஆகவே சீட்டில் சரியாக அமராத வால்வு வளிமத்தைக் கசியவிடுவதோடு, தன் வெப்பத்தையும் இழக்க முடியாமல் எரிந்துபோகிறது.

வேகம் இரட்டிப்பானால் வால்வை முடுக்குவதற்குத் தேவையான விசை நான்கு மடங்காகிறது. வால்வைத் திறக்கும் வேலையைக் கேம் செய்கிறது. ஆனால் கேமின் உச்சியைத் தாண்டியபின் எல்லா உறுப்புகளையும் கேமோடு ஒட்டியே வைத்திருப்பது வில்லின் வேலையாகும். நகரும் உறுப்புகளின் ஒத்த எடை 200 கிராம் என்றும், அவை வினாடிக்கு வினாடி 2,000 மீட்டர் என்ற வீதத்தில் முடுக்கப்படுகின்றன என்றும் கொண்டால், அதற்கு 400 நியூட்டன் விசை வேண்டும். வில் அதனைவிடக் குறைவாகத் தந்தால் டேப்பெட் கேமை விட்டு எழும்பிவிடும். இது வால்வு மிதத்தல் எனப்படுகிறது. மிதந்த வால்வு மீண்டும் சீட்டில் அறைந்து விழும்போது காலட்டுக் காடியிலும் தலையின் கழுத்திலும் விரிசல் தொடங்கலாம்.

உதிரிப்பாகங்களின் வகைகள்

சந்தையில் கிடைக்கும் உறுப்புகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

* நிறுவன உறுப்பு: வாகன நிறுவனத்தின் பெயர், பகுதி எண் ஆகியவற்றுடன் வருவது.
* வழங்குநர் உறுப்பு: வாகன நிறுவனத்திற்கே உறுப்பு செய்து கொடுக்கும் ஆலை, தன் சொந்தப் பெட்டியில் சந்தைக்கு விடுவது. இதன் தரம் பெரும்பாலும் முதல் வகைக்கு நிகரானது. விலை அதைவிடக் குறைவாக இருக்கும்.
* பெயருள்ள மாற்று உறுப்பு: வாகன நிறுவனத்திற்கு வழங்காத, ஆனால் தன் பெயரையும் முகவரியையும் அச்சிட்டு விற்கும் தயாரிப்பாளருடையது.
* பெயரற்ற உறுப்பு: வெற்றுப் பையில் அல்லது எண்ணெய்த்தாளில் சுற்றி விற்கப்படுவது. இதில் ஒரு முறை வாங்கியதும் மறு முறை வாங்கியதும் ஒரே தரத்தில் இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.
* பழைய உறுப்பு: உடைக்கப்பட்ட வாகனத்திலிருந்து எடுக்கப்பட்டது.
* போலி உறுப்பு: பிற நிறுவனத்தின் பெயர், பெட்டி, முத்திரை ஆகியவற்றைப் போலச் செய்து விற்கப்படுவது.

"மலிவு" என்ற சொல் இவற்றுள் இரண்டாம் வகை முதல் கடைசி வகை வரை அனைத்திற்கும் பொருந்துவதால், விலையை மட்டும் கொண்டு தரத்தை அறிய இயலாது.

சென்னையும் உதிரிப்பாகத் தொழிலும்

இந்திய வாகன உதிரிப்பாகத் தொழிலின் முதன்மை நடுவங்களுள் சென்னையும் ஒன்று. அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்த இந்தியா பிஸ்டன்ஸ் நிறுவனம் 1949இல் தொடங்கப்பட்டது. 1929இல் தோன்றிய ரானே குழுமம் 1959இல் பொறி வால்வுகளைச் செய்வதற்கென எஞ்சின் வால்வ்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. பின்னர் ரானே எஞ்சின் வால்வ் எனப் பெயர் பெற்ற இந்நிறுவனம் 2025இல் ரானே (மெட்ராஸ்) நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. இக்குழுமத்தின் தலைமையகம் சென்னை கதீட்ரல் சாலையில் உள்ளது. இத்தகைய ஆலைகள் வாகன நிறுவனங்களுக்கும் மாற்றுச் சந்தைக்கும் உறுப்புகளை வழங்கி வந்ததால், வழங்குநர் உறுப்பு என்ற வகை சென்னையில் நெடுங்காலமாகவே அறிமுகமான ஒன்றாகும்.

நகரில் புதிய உதிரிப்பாகங்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும், பழைய உதிரிப்பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் பெயர் பெற்றவை. மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாறு, தியாகராய நகர் முதலிய பகுதிகளின் சிறு பட்டறைகளில் உருளைத்தலையைக் கழற்றும் வேலை நடக்கும். சீட்டு வெட்டுதல், கைடு மாற்றுதல் போன்ற வேலைகளுக்குத் தலை லேத்துப் பட்டறைக்கு அனுப்பப்படுவது வழக்கம். ஆகவே உறுப்பைத் தேர்பவர், அதனைப் பொருத்துமாறு செதுக்குபவர், பூட்டுபவர் ஆகிய மூவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கக்கூடும். பழுது நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்ற சிக்கல் இதிலிருந்தே எழுகிறது.

புல்லட்

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் முதலில் இறக்குமதி செய்த உறுப்புகளைப் பூட்டும் வேலை நடந்தது. பின்னர் உறுப்புகளும் இங்கேயே செய்யப்பட்டன. இந்நிறுவனம் 1994இல் ஐஷர் குழுமத்துடன் இணைந்தது. ஒரே அடிப்படை வடிவமைப்பிலான வார்ப்பிரும்புப் பொறி அரை நூற்றாண்டுக்கும் மேலாக, 2010 வாக்கில் கைவிடப்படும் வரை, தயாரிக்கப்பட்டது. இந்த நீண்ட ஆயுளே இதற்கு மிகப் பெரிய மாற்று உதிரிப்பாகச் சந்தை உருவாகக் காரணமாயிற்று. ஓர் உறுப்பின் அளவுகள் பல்லாண்டுகளுக்கு மாறாதிருந்தால், அதற்கான அச்சையும் கருவியையும் செய்யும் சிறு ஆலைக்கு முதலீடு திரும்பக் கிடைக்கிறது.

இப்பொறியில் உள்ளீட்டுக்கும் வெளியேற்றத்திற்கும் தனித்தனிக் கேம் சக்கரங்கள் உள்ளன. ஒவ்வொரு வால்வுக்கும் உள்வில், வெளிவில் என இரு விற்கள் உண்டு. வால்வுத் தண்டின் முனையில் கடினப்படுத்திய தொப்பி ஒன்று அமர்கிறது. குளிர்ந்த நிலையில் புஷ்ராடு விரலால் எளிதாகச் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இதுவே இப்பொறியின் டேப்பெட் இடைவெளி அளவாகும். 2008 முதல் வந்த அடுத்த தலைமுறைப் பொறியில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டேப்பெட்டுகள் வந்ததால் இந்தச் சரிசெய்தல் தேவையற்றதாயிற்று. 2020இல் மீட்டியார் 350 வண்டியுடன் மேல்நிலைக் கேம் கொண்ட 349 கன செ.மீ. பொறி அறிமுகமானது. 2023இல் புல்லட்டும் அப்பொறிக்கு மாறியது. இம்மூன்று பொறிகளும் ஏறத்தாழ ஒரே கொள்ளளவு கொண்டவை எனினும் அவற்றின் வால்வுத் தொகுதிகள் ஒன்றுக்கொன்று பொருந்தா. "புல்லட் 350 வால்வு" என்று மட்டும் கேட்டு வாங்குவது தவறுக்கு இடமளிக்கும்.

ஸ்டாண்டர்டு கார்கள்

சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1960களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரையும், 1970களில் ஸ்டாண்டர்டு கசல் காரையும் தயாரித்தது. இவற்றின் 948 கன செ.மீ. பொறி தள்ளுதண்டு வகையைச் சேர்ந்தது. 1980களின் இறுதியில் இந்நிறுவனத்தின் கார் உற்பத்தி நின்றது. இத்தகைய வண்டிகளை வைத்திருப்போருக்குக் கம்பெனி ஸ்பேரா, லோக்கல் ஸ்பேரா என்ற தெரிவே இல்லை. மாற்று உறுப்பு, பழைய உறுப்பு, வேறு பொறியின் உறுப்பைத் தேய்த்துப் பொருத்துதல் என்ற வழிகளே உள்ளன. மாற்று உறுப்புத் தொழில் இல்லாவிடில் பழைய பொறிகள் பல இரும்புக் கடைக்கே சென்றிருக்கும்.

விலை குறையும் இடங்கள்

ஒரே தோற்றமுள்ள இரு வால்வுகளுள் ஒன்று மற்றதன் பாதி விலைக்குக் கிடைக்கிறது எனில், அந்த வேறுபாடு கீழ்க்காணும் ஒன்றிலோ பலவற்றிலோ இருக்கக்கூடும்.

முதலாவது, உலோகம். உள்ளீட்டு வால்வுகள் பொதுவாகக் குரோமியமும் சிலிக்கனும் கலந்த எஃகினால் செய்யப்படுகின்றன. வெளியேற்ற வால்வின் தலைக்கு 21 விழுக்காடு குரோமியம், 9 விழுக்காடு மாங்கனீசு, 4 விழுக்காடு நிக்கல் ஆகியவற்றுடன் நைதரசனும் கலந்த எஃகு பரவலாகப் பயன்படுகிறது. இது உயர் வெப்பத்திலும் வலிமை இழக்காதது, விலை மிகுந்தது. பல வால்வுகளில் தலைக்கு இந்த எஃகையும் தண்டுக்குக் கடினப்படுத்தக்கூடிய எஃகையும் எடுத்து, உராய்வுப் பற்றவைப்பு முறையில் ஒட்டுகின்றனர். உள்ளீட்டு வால்வுக்குரிய எஃகிலேயே வெளியேற்ற வால்வையும் செய்தால் செலவு குறையும். வால்வின் ஆயுளும் குறையும்.

இரண்டாவது, மேற்பரப்பு வேலை. தண்டுக்குக் குரோமியப் பூச்சு, முனைக்குக் கடினப்படுத்தல், அமரும் முகத்திற்குக் கோபால்ட்டு கலப்புலோகப் பூச்சு ஆகியவை ஒவ்வொன்றும் தனிச் செலவுகள். கண்ணுக்குத் தெரியாத இவற்றை விட்டுவிடுவது எளிது.

மூன்றாவது, அளவுத் துல்லியம். வால்வுத் தண்டுக்கும் கைடுக்கும் இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குகளே. உள்ளீட்டைவிட வெளியேற்றத்திற்குச் சற்று மிகுதியாக இருக்கும். இதைவிடக் குறைந்தால் சூட்டில் வால்வு சிக்கிக்கொள்ளும். மிகுந்தால் எண்ணெய் உள்ளே இறங்கும், வெண்ணீலப் புகை வரும்.

நான்காவது, சோதனை. பெரிய ஆலைகளில் விரிசல் சோதனை, கடினத்தன்மைச் சோதனை, வில் விசைச் சோதனை ஆகியவை உற்பத்தியின் பகுதிகளாகும். சோதிக்காமல் விற்பவர் அச்செலவை மிச்சப்படுத்துகிறார். அந்தச் சோதனையைச் செய்யும் பொறுப்பு வாங்குபவர்மீது விழுகிறது.

மறுபுறம், விளம்பரச் செலவு, முகவர் கழிவு, நிறுவனப் பெயருக்கான மேல்விலை ஆகியவை இல்லாததாலும் விலை குறையலாம். இக்காரணங்களால் குறைந்த விலை உறுப்பின் தரத்தைப் பாதிப்பதில்லை. மலிவு உறுப்புகள் அனைத்தையும் தரமற்றவை என ஒதுக்குவது இதனால் சரியன்று.

உறுப்பு வாரியாக

காலட்டும் தாங்குதட்டும்

தொகுதியிலேயே விலை மிகக் குறைந்தவையும், பழுதானால் இழப்பு மிகப் பெரியதுமான உறுப்புகள் இவை. காலட்டின் சாய்வுக் கோணமும் தாங்குதட்டின் சாய்வுக் கோணமும் ஒத்திருக்க வேண்டும். ஒரு தயாரிப்பாளரின் காலட்டை வேறொருவரின் தாங்குதட்டுடன் கலந்து பொருத்துவது ஆபத்தானது. வால்வு மாற்றும்போது இவற்றையும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வாங்குவது நல்லது. இதில் மிச்சமாகும் தொகை மிகச் சிறியதாதலால் பெயரற்ற உறுப்பைத் தேர்வதற்கு நியாயம் இல்லை.

சுருள்வில்

வில்லின் விறைப்பு அதன் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. பிற அளவுகள் மாறாமல் கம்பி 4.0 மி.மீ.க்குப் பதிலாக 4.2 மி.மீ. ஆனால் விறைப்பு ஏறத்தாழ 22 விழுக்காடு கூடிவிடும். விறைப்பு கூடினால் கேமும் டேப்பெட்டும் விரைவில் தேயும். குறைந்தால் வால்வு மிதக்கும்.

மற்றொரு சிக்கல் சுருள் முட்டுதல் ஆகும். பொருத்திய நிலையில் வில்லின் உயரம் 36 மி.மீ., வால்வு ஏற்றம் 9 மி.மீ. எனில், முழுதும் திறந்த நிலையில் 27 மி.மீ. இடமே இருக்கும். 4.0 மி.மீ. கம்பியில் 6 சுற்றுகள் கொண்ட வில் முழுதும் அமுங்கும்போது 24 மி.மீ. உயரம் கொள்ளும். 3 மி.மீ. இடைவெளி மிஞ்சும். 4.3 மி.மீ. கம்பியில் ஆறரைச் சுற்றுகள் கொண்ட மாற்று வில்லின் அமுங்கிய உயரமோ ஏறத்தாழ 28 மி.மீ. ஆகும். அது 27 மி.மீ. இடத்திற்குள் அடங்காது. கேம் தொடர்ந்து தள்ளும்போது புஷ்ராடு வளையும், அல்லது ராக்கர் உடையும். இரு விற்களும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலவே தோன்றும்.

கேமும் டேப்பெட்டும்

தட்டையான அடி கொண்ட டேப்பெட் கேமின் மீது சறுக்கி ஓடுவதால், பொறியில் மிக உயர்ந்த தொடுகை அழுத்தம் உள்ள இடங்களுள் இதுவும் ஒன்றாக உள்ளது. இரண்டின் கடினத்தன்மையும் ஒன்றுக்கொன்று இசைவாக இருக்க வேண்டும். தேய்ந்த டேப்பெட்டைப் புதிய கேமுடன் சேர்ப்பது கேமை அழிக்கும். கடினப்படுத்தல் மேலோட்டமாகச் செய்யப்பட்ட கேம் முதலில் நன்றாகவே ஓடும். கடினத் தோல் தேய்ந்ததும் சில நூறு கிலோமீட்டர்களிலேயே அதன் மூக்கு மழுங்கிவிடும். அவ்வாறு தேய்ந்த இரும்புத்தூள் எண்ணெயோடு கலந்து பிற தாங்கிகளையும் கெடுக்கும்.

கைடு, சீட்டு

இவற்றில் பெயருள்ள மாற்று உறுப்புகளைப் பயன்படுத்துவது பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. ஏனெனில் பொருத்தியபின் லேத்துப் பட்டறையில் உள்விட்டம் சரிசெய்யப்பட்டு, சீட்டு புதிதாக வெட்டப்படுகிறது. ஆகவே இங்கு உறுப்பின் விலையை விட லேத்துக்காரரின் கைத்திறனே முடிவைத் தீர்மானிக்கிறது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை முற்றிலும் நிறுத்தப்பட்டது. பெட்ரோலில் இருந்த ஈயச் சேர்மம் வால்வுக்கும் சீட்டுக்கும் இடையே காப்பாகவும் செயற்பட்டு வந்தது. அதனால் அதற்கு முந்தைய வடிவமைப்புகளைப் புதுப்பிக்கும்போது கடினச் சீட்டு வளையங்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. சென்னையில் பெருமளவில் ஓடும் எல்.பி.ஜி. ஆட்டோக்களுக்கும் இது பொருந்தும். உலர்ந்த வளிம எரிபொருள் சீட்டை நனைப்பதில்லை என்பதால் சீட்டுத் தேய்மானம் மிகுதி. தேய்மானத்தால் வால்வு மேலேறி டேப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். சத்தம் குறைவதால் ஓட்டுநர் பொறி நன்றாக இருப்பதாகவே எண்ணுவார். இடைவெளி முற்றிலும் மறைந்ததும் வால்வு மூடாமல் எரியும்.

புஷ்ராடு, ராக்கர்

புஷ்ராட்டின் நீளம், நேர்மை, முனைகளின் கடினத்தன்மை ஆகியவை முதன்மையானவை. கண்ணாடித் தட்டின் மீது உருட்டிப் பார்த்தால் வளைவு தெரியும். ராக்கரில் வால்வைத் தொடும் முனையும் அச்சுத் துளையும் தேயும் இடங்கள். எண்ணெய்த் துளை துளைக்கப்பட்டுள்ளதா, அதில் உலோகத் துருவல் அடைத்துள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும்.

எண்ணெய் அடைப்பு, கேஸ்கெட்

வால்வு மூடியின் கேஸ்கெட்டில் சிக்கனம் பார்ப்பதால் நேரும் இழப்பு பெரும்பாலும் எண்ணெய்க் கசிவோடு நின்றுவிடும். வால்வுத் தண்டின் எண்ணெய் அடைப்பு அவ்வாறன்று. வெப்பம் தாங்காத இரப்பரால் செய்தது விரைவில் இறுகி வெடிக்கும். அதனை மாற்ற மீண்டும் வில்லைக் கழற்ற வேண்டும்.

பொருத்துமுன் செய்யும் சோதனைகள்

விலையுயர்ந்த கருவிகள் இல்லாமலேயே பின்வரும் சோதனைகளைச் செய்யலாம்.

* காந்தச் சோதனை: நிக்கலும் மாங்கனீசும் மிகுந்த எஃகினாலான வெளியேற்ற வால்வின் தலை காந்தத்தில் ஒட்டாது. பழைய நிறுவன வால்வின் தலை ஒட்டாமலும் புதியது ஒட்டியும் இருந்தால் உலோகம் மாறியுள்ளது என்பது உறுதி. சில பொறிகளில் நிறுவன வால்வே காந்தத்தில் ஒட்டும் வகையாக இருக்கலாம். ஆகவே ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை. தலை ஒட்டாதது மட்டுமே தரத்திற்குச் சான்று ஆகாது.
* அளவுச் சோதனை: மைக்ரோமீட்டர் கொண்டு தண்டின் விட்டத்தை மூன்று இடங்களில் அளந்து பழையதுடன் ஒப்பிடுதல். மொத்த நீளம், காடியின் இடம், தலை விட்டம் ஆகியவற்றையும் அளத்தல்.
* வில் சோதனை: துளையிடும் எந்திரத்தின் அடித்தட்டில் எடைத் தராசை வைத்து, வில்லைக் குறித்த உயரத்திற்கு அழுத்தி, தராசு காட்டும் எடையைக் குறித்தல். எல்லா விற்களும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும்.
* அமர்வுச் சோதனை: வால்வு முகத்தில் நீல மை தடவிச் சீட்டில் அமர்த்திச் சுற்றினால், தொடர்ச்சியான வளையமாக மை ஒட்ட வேண்டும்.
* கசிவுச் சோதனை: வால்வுகளைப் பூட்டியபின் தலையின் துளையில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடங்கள் வைத்தல். சீட்டின் வழியே கசியக் கூடாது.
* இடைவெளிச் சோதனை: பிஸ்டனின் மேல் களிமண் வைத்துத் தலையைப் பூட்டி, பொறியைக் கையால் இரு சுற்றுகள் சுற்றிக் கழற்றி, களிமண்ணின் மிக மெல்லிய இடத்தை அளத்தல். உள்ளீட்டுப் பக்கம் 2 மி.மீ., வெளியேற்றப் பக்கம் 2.5 மி.மீ. என்பது பொதுவான பாதுகாப்பு அளவாகக் கொள்ளப்படுகிறது. கேம், வால்வு, தலை ஆகியவற்றுள் எது மாறினாலும் இச்சோதனை தேவை.

பூட்டியபின் முதன்முதலாக இயக்குவதற்கு முன் பொறியைக் கையால் பல முறை சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்பதை உறுதி செய்ய வேண்டும்.

முதல் ஓட்டம்

தட்டை டேப்பெட் கொண்ட புதிய கேமைப் பொருத்தியபின் முதல் 20 நிமிடங்கள் முதன்மையானவை. கேமின் மீதும் டேப்பெட்டின் அடியிலும் பூட்டுக் களிம்பு தடவப்படுகிறது. பல கேம் தயாரிப்பாளர்கள், பொறி இயங்கத் தொடங்கியவுடன் அதனைத் தாழ்ந்த வேகத்தில் விடாமல், நிமிடத்திற்கு 2,000 சுற்றுகள் அளவில் வைக்கப் பரிந்துரைக்கின்றனர். சிதறலால் எண்ணெய் பெறும் கேமுக்குத் தாழ்ந்த வேகத்தில் போதிய எண்ணெய் கிடைப்பதில்லை என்பதே இதற்குக் காரணம். காற்றால் குளிரும் பொறியில் இது கடினமாதலால் மின்விசிறி வைத்தோ, சிறு சிறு தவணைகளாகவோ ஓட்டுகின்றனர்.

எண்ணெய்த் தெரிவும் இதில் அடங்கும். துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மம் ஒன்று கேமைத் தேய்மானத்திலிருந்து காக்கிறது. வினையூக்கி மாற்றிகளைக் காக்கும் பொருட்டு அண்மைக்காலக் கார் எண்ணெய்கள் பலவற்றில் பாஸ்பரசின் அளவு குறைக்கப்பட்டுள்ளது. எனவே பழைய வடிவமைப்புப் பொறிகளுக்கு அவற்றுக்குரிய எண்ணெயையே பயன்படுத்த வேண்டும். மாற்று உறுப்பின் குறை எனக் கருதப்படும் கேம் தேய்மானங்களுள் சில, எண்ணெயாலோ முதல் ஓட்டத்தாலோ நேர்ந்தவையாகும்.

பொருளாதாரம்

ஒரு பொறியைத் திறந்து பூட்டும் செலவில் உறுப்புகளின் விலை ஒரு பகுதியே. கழற்றும் கூலி, லேத்துக் கூலி, கேஸ்கெட், எண்ணெய், வண்டி நிற்கும் நாள்களின் வருமான இழப்பு ஆகியவை உறுப்பு எத்தரமாயினும் மாறுவதில்லை. மலிவு வால்வு பாதி ஆயுளில் எரிந்துபோனால் இச்செலவுகள் அனைத்தும் மறுமுறை வருகின்றன. தலையை முழுதும் கழற்ற வேண்டிய உறுப்பில் தரமும், மேல்மூடியைத் திறந்தே மாற்றத்தக்க உறுப்பில் சிக்கனமும் பார்ப்பது நடைமுறை விதியாகக் கூறப்படுகிறது.

எனினும் இக்கணக்கு எல்லோருக்கும் ஒன்றல்ல. நாள் வருமானத்தில் வாழும் ஆட்டோ ஓட்டுநருக்கு இன்று கையில் உள்ள தொகைக்குள் வண்டி ஓட வேண்டும் என்பதே முதல் தேவை. நீண்டகாலச் சிக்கனத்திற்கான முதலீடு அவரிடம் இல்லாமற் போகலாம். விற்கப்போகும் வண்டிக்கு மலிவு உறுப்பைப் பொருத்துபவர் அதன் இடரை அறியாத அடுத்த உரிமையாளர்மீது சுமத்துகிறார். பந்தயப் பொறி கட்டுபவரோ ஒவ்வொரு பந்தயப் பருவத்திலும் பொறியைத் திறப்பதால் ஆயுளை விட உடையாமையையே வேண்டுகிறார். சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களின் காலம் முதல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரை, சென்னையில் பந்தயப் பொறி கட்டுவோர் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓட்டும்போது வில்லையும் காலட்டையுமே முதலில் கவனிக்க வேண்டியிருந்தது. வேகத்தின் இருபடிக்கேற்ப விசை கூடுவதே இதற்குக் காரணம்.

வரியும் விலையைப் பாதிக்கிறது. 2017 சூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது பொறி உறுப்புகளுக்கு 28 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் இது 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பில் இல்லாமல் விற்கப்படும் உறுப்புகளின் விலை ஈர்ப்புக்கு வரியும் ஒரு காரணமாக இருந்து வந்துள்ளது.

சட்டநிலை

தன் பெயரில் மாற்று உறுப்பு செய்து விற்பது சட்டத்திற்கு உட்பட்டது. பிறர் வணிகக் குறியைப் பயன்படுத்திப் போலி உறுப்பு விற்பது 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டப்படி குற்றமாகும். இதற்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளால் நேரும் தீங்குக்குத் தயாரிப்பாளர், விற்பனையாளர் ஆகியோரின் பொறுப்பை வரையறுக்கிறது. உரிமை கோருவதற்குப் பில் முதன்மையான சான்றாகும்.

சுதந்திரமான பட்டறைகளுக்கு உதிரிப்பாகங்கள் கிடைப்பது பற்றிய வழக்கொன்றில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகத்தில் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. உதிரிப்பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தது போட்டிக்கு எதிரானது என ஆணையம் கருதியது. இவ்வாணையை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. 2022 திசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென இணைய வாயில் ஒன்றைத் தொடங்கியது.

மாறுபட்ட கருத்துகள்

நிறுவன உறுப்புகளையே வலியுறுத்துவோர், சோதனையின் உறுதியையும் உத்தரவாதத்தையும் சுட்டுகின்றனர். மாற்று உறுப்புகளை ஆதரிப்போர், வாகன நிறுவனமே பல உறுப்புகளை வெளி ஆலைகளில் வாங்கித் தன் பெட்டியில் இடுவதையும், நிறுவனம் கைவிட்ட பொறிகளுக்கு வேறு வழி இல்லாமையையும் சுட்டுகின்றனர். இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் செய்திகள் சில உள்ளன. தயாரிப்பாளரின் பெயர் தெரியாத வால்வு, வில், காலட்டு ஆகியவற்றைப் பொருத்தக் கூடாது. பல தயாரிப்பாளரின் உறுப்புகளைக் கலந்து பொருத்தும்போது அளவுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். கழற்றிய பழைய உறுப்பைப் புதியது நன்றாக ஓடும் என்பது உறுதியாகும் வரை எறியக் கூடாது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்குப் பட்டறையில் பெரும்பாலும் அதுவே ஒரே அளவுகோலாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* உள் எரி பொறி
* நான்கு வீச்சுப் பொறி
* ஓரதர்
* சுருள்வில்
* ராயல் என்ஃபீல்டு புல்லட்
* புதுப்பேட்டை, சென்னை
* வணிகக் குறி